தாளம் ஏந்திய தனிக்குரல்

நுழையும்முன்

தமிழிசை வரலாற்றைத் தேவார மூவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். அம்மூவருக்கும் முன்பே பதிகம் என்னும் இசைவடிவத்தைப் படைத்து, பண்ணொடு பாடி, அதன் இறுதியில் தம் பெயரையும் பொறித்துச் சென்றவர் ஒரு பெண். காரைக்கால் வணிகர் குடியில் பிறந்த அவரை நாடு ஒரு மாங்கனிக் கதையால் நினைவில் வைத்திருக்கிறது. பாவலராகவும் இசை வகுத்தவராகவும் அவர் செய்த புதுமைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆனி முழுநிலவும் அம்மையாரும்

ஆனித் திங்கள் முழுநிலவை ஒட்டிக் காரைக்கால் நகரில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிச்சைத் தேவர் கோலத்தில் இறைவன் வீதியுலா வரும்போது வீடுதோறும் மாங்கனிகள் படைக்கப்படும். மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் கனிகள் வாரி இறைக்கப்படும். தெருவில் நிற்போர் அவற்றைத் தாவிப் பிடிப்பர். காவிரி கடலோடு கலக்கும் சமவெளியின் ஓரத்தில், தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ அமைந்த காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு கூறு. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்து 1954இல் இந்தியாவுடன் இணைந்தது. ஆட்சிகள் மாறினும் அவ்வூரின் பெயரைத் தமிழ் வழங்கும் இடமெங்கும் அறியச் செய்தவர், ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த அம்மையாரே.

அவர் பாடியனவாக இன்று கிடைப்பவை 143 பாடல்கள். இவற்றுள் எந்தப் பாடலிலும் மாங்கனி இல்லை, கணவன் இல்லை, புனிதவதி என்னும் இயற்பெயரும் இல்லை. இவையனைத்தும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் வழியே அறியப்படுபவை. அம்மையார் தம்மைப் பற்றிக் கூறியவை மிகச்சில. ஊர்ப்பெயரும், ‘பேய்’ என்னும் சொல்லும், தாம் பாடுபவர் என்னும் செய்தியும் அவற்றுள் தலையாயவை.

சேக்கிழார் காட்டும் வாழ்வு

அலைகள் வளைகளைச் சுமந்து வந்து கழிக்கானலில் சேர்க்கும் பட்டினமாகவும், வாய்மை தவறாத பெருவணிகர் வாழும் ஊராகவும் காரைக்காலைச் சேக்கிழார் அறிமுகம் செய்கிறார். அங்கே தனதத்தன் என்னும் வணிகர் தலைவனின் மகளாகப் பிறந்தவர் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனை மணந்து காரைக்காலிலேயே இல்லறம் நடத்தினார். கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றை அடியவர்க்குப் படைத்ததும், எஞ்சிய ஒன்றை உண்ட கணவன் மற்றொன்றையும் கேட்டதும், இறையருளால் ஒரு கனி கைக்கு வந்ததும் பலரும் அறிந்த கதை.

கதையின் கனம் அதன் பின்பகுதியில் இருக்கிறது. தன் மனைவி மானுடப் பெண் அல்லள் என்று அஞ்சிய பரமதத்தன் வணிகத்தைக் காரணம் காட்டிக் கலமேறிச் சென்றான். பாண்டிய நாட்டுப் பட்டினமொன்றில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். செய்தி அறிந்த சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் அங்கு அழைத்துச் சென்றபோது, மனைவியோடும் மகளோடும் வந்து அவர் காலில் விழுந்தான். கணவன் வணங்கியபின் மனைவி என்னும் நிலை எஞ்சவில்லை. மகள் என்று பிறந்த வீட்டுக்குத் திரும்பும் வழியையும் அக்காலச் சமூகம் எளிதாக்கி வைக்கவில்லை. அந்த நிலையில் அம்மையார் கேட்டது வியப்புக்குரியது. அவன்பொருட்டுத் தாங்கிய உடலழகு இனி வேண்டா என்று கழித்துவிட்டு, என்பு தோன்றும் பேய்வடிவை வேண்டிப் பெற்றார். கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார். இறைவன் ‘அம்மையே’ என்று அழைத்தான் என்பர்.

அங்கே அவர் வேண்டிய வரங்களை இசைமாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். பிறவாமையையும், பிறப்பு நேருமாயின் மறவாமையையும் கேட்டபின், இறைவன் ஆடும்போது அவன் அடிக்கீழ் மகிழ்ந்து பாடிக்கொண்டு இருக்கும் நிலையைக் கேட்டார் என்கிறார் சேக்கிழார். ஆடலைக் கண்டு நிற்கும் இடத்தை அன்று. ஆடலுக்குப் பாடுவோரின் இடத்தை. அந்த ஆடல் நிகழும் களமாக அவர் சென்றடைந்தது தொண்டை நாட்டுத் திருவாலங்காடு. அது இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

அறுபத்து மூவருள் பெண்கள் மூவர். மங்கையர்க்கரசியாரும் இசைஞானியாரும் பாடல் இயற்றியதாக வரலாறு இல்லை. பாடியவர் அம்மையார் ஒருவரே. சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் அவரைப் ‘பேயார்’ என்று குறிக்கிறார். தம்மைப் பேய் என்று அவர் கூறிக்கொண்ட சொல்லோடு மதிப்பு விகுதி சேர்த்து அதையே பெயராக ஆக்கிவிட்டார் சுந்தரர்.

சொல் முடியும் இடத்தில் சொல் பிறத்தல்

அம்மையார் படைப்புகள் பதினோராம் திருமுறையில் தொகுக்கப்பட்டுள்ளன. 101 வெண்பாக்களால் ஆன அற்புதத் திருவந்தாதி, 20 பாடல்கள் கொண்ட திருவிரட்டை மணிமாலை, பதினொரு பாடல்கள் வீதம் அமைந்த திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. அளவிற் சிறிய இத்தொகுதிக்குள் மூன்று இலக்கிய வகைகள் உருப்பெற்றிருக்கின்றன.

ஒரு பாடலின் இறுதிச் சொல்லோ சீரோ அடுத்த பாடலின் முதலாக வருவது அந்தாதி. சங்கத்தொகையான பதிற்றுப்பத்தின் நான்காம் பத்திலேயே இத்தொடை உண்டு. ஆயினும் பத்துப் பாடல்களைக் கோத்த ஒரு நூலுறுப்பை, நூறு வெண்பாக்களைத் தாங்கும் தனிநூலாக வளர்த்தவர்களுள் அம்மையார் முன்னோடி. அதனால் அவரது நூலை ஆதி அந்தாதி எனப் போற்றுவர். ஏறத்தாழ அதே காலச் சூழலில் முதலாழ்வார் மூவரும் திருமாலைப் பாடிய அந்தாதிகளும் வெண்பாவிலேயே அமைந்திருக்கின்றன. நூலின் இறுதிப் பாடலில், தாம் செய்தது அந்தாதி வெண்பா என்று வகைப்பெயரையும், சொன்னவர் காரைக்கால் பேய் என்று தம் பெயரையும் அவரே சுட்டுகிறார்.

அந்தாதி மனனத்துக்கு உதவும் உத்தி என்று சொல்லப்படுவதுண்டு. அது உண்மையே, ஏட்டைவிட நாவையும் செவியையும் நம்பிப் பரவிய இலக்கியத்துக்கு இத்தகைய கண்ணிகள் தேவைப்பட்டன. அம்மையாரிடம் அது பொருளையும் தாங்குகிறது. அற்புதத் திருவந்தாதி ‘பிறந்து’ என்னும் சொல்லில் தொடங்கி அதே சொல்லில் முடிகிறது. தொடக்கத்தில் பிறப்பது உடல். பிறந்து, பேசக் கற்ற நாள்முதல் இறைவன்மீது கொண்ட காதலை அப்பாடல் சொல்கிறது. நூற்றொன்றாம் பாடலில் பிறப்பது நீங்காத அந்தக் காதல். பிறவாமை வேண்டிய ஒருவர் பிறப்பு என்னும் சொல்லை வட்டமாக வளைத்து நூலைக் கட்டியிருப்பது தற்செயலாக நேர்ந்திருக்க இயலாது.

திருவிரட்டை மணிமாலை வேறொரு சோதனை. இருவகை மணிகளை மாறிமாறிக் கோப்பதுபோல் கட்டளைக் கலித்துறையும் வெண்பாவும் மாறிமாறி அந்தாதியாக வருகின்றன. துயர் பொங்கி வரும்போது கலங்கும் நெஞ்சைத் தேற்றுவதாக முதற்பாடல் அமைகிறது. வெண்பா செப்பலோசையில் நின்று பேசும். கலித்துறை நீண்டு ஒலிக்கும். ஒரே உணர்வை இரு வேறு ஓசைகளில் மாற்றிமாற்றிக் கேட்கச் செய்யும் இந்த அமைப்பில், பாவலரைக் காட்டிலும் இசைவாணரின் செவியே மிகுதியாகத் தொழிற்படுகிறது எனலாம்.

தெரிந்து தெளிவோம்

கட்டளைக் கலித்துறை நான்கு அடிகளால் ஆனது. அடிதோறும் ஐந்து சீர்கள் வரும். முதல் நான்கு சீர்களில் வெண்டளை பிறழாது. ஐந்தாம் சீர் விளங்காய்ச் சீராக அமையும். ஈற்றடி ஏகாரத்தில் முடியும். ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடி 16 எழுத்துகளையும் நிரையசையில் தொடங்கும் அடி 17 எழுத்துகளையும் பெறும். எழுத்தெண்ணிப் பாடும் இவ்வடிவின் பழைய எடுத்துக்காட்டுகளுள் அம்மையாரின் இரட்டை மணிமாலை குறிப்பிடத்தக்கது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையை ஒட்டிய திருக்கடவூரில் பாடப்பட்ட அபிராமி அந்தாதி, கட்டளைக் கலித்துறையையும் அந்தாதித் தொடையையும் ஒருசேரக் கொண்டுள்ளது.

சுடுகாட்டில் பிறந்த பதிகம்

அம்மையாரின் பெரும்புதுமை பதிகமே. ஒரு பொருள்மேல் பத்துப் பாடல்கள். பதினோராவதாக, பாடியவர் பெயரையும் பாடுவோர் பெறும் பயனையும் கூறும் ஒரு பாடல். பின்னாளில் திருக்கடைக்காப்பு எனப் பெயர்பெற்ற இந்த இறுதிப்பாடலை மூத்த திருப்பதிகத்தில் முழு உருவில் காணலாம். முதற்பதிகத்தின் பத்துப் பாடல்களும் திருவாலங்காடு என்னும் ஊர்ப்பெயரிலேயே வந்து முடிகின்றன. ஒவ்வொரு பாடலும் சுடுகாட்டின் வெவ்வேறு மூலைக்குச் சென்று, ஈற்றில் ஒரே பெயருக்குத் திரும்புகிறது. குழுவாகப் பாடும்போது அந்த ஈற்றைக் கேட்போர் அனைவரும் சேர்ந்து எடுக்கலாம். கூட்டிசைக்கு உரிய இந்தத் திரும்புநிலையைத் தேவாரம் பின்னர்ப் பெரிதும் கையாண்டது.

வடிவம் இவ்வாறு ஒழுங்குபட்டிருக்க, உள்ளே விரியும் காட்சியோ எவ்வகை ஒழுங்குக்கும் அடங்காதது. வற்றிய மார்பும், புடைத்த நரம்பும், குழிந்த வயிறும், சிவந்த தலைமயிரும், நீண்ட கணைக்காலும் கொண்ட பெண்பேயோடு முதற்பதிகம் தொடங்குகிறது. பெண்ணை அடிமுதல் முடிவரை அழகுற வருணிக்கும் மரபுக்கு நேர் எதிரான வருணனை இது. இந்தப் பேய் அச்சுறுத்தும் உருவமாக மட்டும் வருவதில்லை. ஒரு பாடலில் பேயொன்று கள்ளிக் கவட்டில் காலை நீட்டி அமர்ந்து, எரிந்த கொள்ளியை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டுகிறது, வெடுவெடென்று சிரிக்கிறது, எதையோ கண்டு வெருண்டு துள்ளுகிறது, பிணத்தீ சுட்டுவிடவே சினந்து புழுதியை அள்ளித் தீயை அவிக்கப் பார்க்கிறது. சிறுபிள்ளையின் சேட்டைபோல் விரைந்து ஓடும் இக்காட்சியில் நகையும் அச்சமும் ஒன்றாகின்றன.

மற்றொரு பாடலில் தாய்ப்பேய் தன் குழவிக்குக் காளி என்று பெயரிட்டு வளர்க்கிறது. அதன்மேல் படிந்த புழுதியைத் துடைத்து, பாலூட்டிவிட்டு எங்கோ போய்விடுகிறது. தாய் வரக் காணாத குழவி அழுது அழுது உறங்கிவிடுகிறது. சுடுகாட்டின் நடுவே புழுதி துடைக்கும் ஒரு கையை வைத்துவிட்டார் அம்மையார். அச்சச்சுவையைத் தேடிப் படிப்போர் இந்தப் பாடலில் சற்றே நின்றுவிடுவர். கைவிடப்பட்ட ஒரு மனைவியின் தனிமை இங்கு ஒலிப்பதாகக் கொள்வோரும் உண்டு. ஆனால் பாடல் அப்படி எதையும் சொல்லவில்லை, குழவி அழுது உறங்குவதை மட்டுமே சொல்கிறது.

பத்தாம் பாடலில், இறந்தோர்க்கு உறவினர் இட்ட தீயே விளக்காக, முழவோசை திசைகளை எட்ட, அந்திப்பொழுதில் ஆடல் நிகழ்கிறது. மக்கள் அஞ்சி விலகிச் செல்லும் இடத்தை ஆடலரங்காக்கி, பிணத்தீயை அரங்க விளக்காக்கிய கற்பனை இது. இரண்டாம் பதிகம் எட்டி, இலவம், ஈகை, சூரை, காரை, கள்ளி என வறண்ட நிலத்து மரஞ்செடிகளின் பெயர்களை அடுக்கித் தொடங்குகிறது. அங்கே முழவு கொட்டுவது பேய், பாடுவது கூளி.

ஏழு சுரங்களும் இசைக்கருவிகளும்

அம்மையார் இசையிலக்கணம் அறிந்தே பாடியவர் என்பதற்குச் சான்று முதற்பதிகத்தின் ஒன்பதாம் பாடல். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழிசையின் ஏழு சுரங்கள். இவற்றுள் குரலை ‘ஓசை’ என்னும் பெயரால் சுட்டி, ஏழினையும் ஒரே பாடலில் எடுத்துரைக்கிறார். அதனை அடுத்து வீணை, மத்தளம், துந்துபி, குடமுழா, கரடிகை, தமருகம், தக்கை, மொந்தை, கொக்கரை, சச்சரி, தாளம் என நரம்பும் தோலும் காற்றும் கஞ்சமுமாகிய கருவிகள் வருகின்றன. பெயர்களின் அடுக்கே தாளக்கட்டாக ஒலிப்பதை வாய்விட்டுப் படிப்போர் உணர்வர். அக்கால இசைக்கருவிகளை ஆராய்வோர்க்கு இந்த ஒரு பாடல் தனி ஆவணம்.

முதற்பதிகத்துக்கு நட்டபாடையும் இரண்டாம் பதிகத்துக்கு இந்தளமும் பண்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. நட்டபாடையை ஓதுவார்கள் இன்று கம்பீரநாட்டை இராகத்தில் பாடுவர். இவ்விரு பண்களின் பிற்கால வரலாறு சுவையானது. ஞானசம்பந்தர் சீர்காழியில் பாடிய முதற்பதிகத்தின் பண் நட்டபாடை. சுந்தரர் திருவெண்ணெய்நல்லூரில் பாடிய முதற்பதிகத்தின் பண் இந்தளம். தேவாரம் பாட வந்த இருவர் தத்தம் முதற்பாட்டுக்குக் கொண்ட பண்கள், அம்மையார் ஏற்கெனவே பாடிவைத்த அவ்விரு பண்களாகவே அமைந்துள்ளன. ‘மூத்த’ திருப்பதிகம் என்னும் பெயர் காலத்தால் முந்தியதை மட்டும் குறிப்பதாகக் கொள்ளத் தேவையில்லை.

சம்பந்தரும் சுந்தரரும் பதிக இறுதியில் தம் பெயரைப் பொறிக்கும் வழக்கத்தைத் தொடர்ந்தனர். நாவுக்கரசர் அதைப் பின்பற்றவில்லை. சம்பந்தர் திருவாலங்காட்டுக்கு வந்தபோது, அம்மையார் தலையால் நடந்த ஊரைக் காலால் மிதிக்க அஞ்சி அருகிலேயே தங்கினார் என்று பெரியபுராணம் கூறும். கதை என்று வைத்துக்கொண்டாலும், முன்னோடியை வழித்தோன்றல் எவ்வாறு கருதினார் என்று தமிழ்ச் சமூகம் நினைத்தது என்பதற்கு அது சான்று. மூவர் பதிகங்கள் பின்னர்த் தொகுக்கப்பட்டபோது, மறைந்திருந்த பண்முறையை மீட்டுத் தந்தவர் எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபினரான ஒரு பெண் என்று திருமுறை கண்ட வரலாறு சொல்கிறது. பதிக இசையின் தொடக்கத்திலும் மீட்பிலும் பெண்களே நிற்கின்றனர். பின்னவரின் பெயர்கூட நூலில் இல்லை.

கல்லிலும் செம்பிலும்

சோழர் காலச் சிற்பிகள் அம்மையாரின் கதையைவிட அவரது தொழிலையே நன்கு நினைவில் கொண்டனர். அவர்கள் வார்த்த படிமங்களில் மாங்கனி இல்லை. எலும்பு தெரியும் உடலோடு அமர்ந்து, இரு கைகளிலும் தாளம் ஏந்தி இசைக்கும் உருவமே உள்ளது. அத்தகைய செப்புத் திருமேனிகளுள் ஒன்று அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்போடியாவில் 967இல் எழுப்பப்பட்ட பந்தே சிரே கோவிலில், ஆடும் சிவனின் அருகே காணப்படும் மெலிந்த பெண்ணுருவை அம்மையாராகவே அறிஞர் அடையாளம் காண்கின்றனர். காரைக்கால் வணிகன் ஒருவன் கலமேறி விட்டுச்சென்ற பெண், அவன் சென்றதைவிடத் தொலைவான கரையை அடைந்திருக்கிறார்.

புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தன் வெளியீட்டு வரிசையின் முதல் நூலாக 1956இல் கொண்டுவந்தது அம்மையாரின் படைப்புகளையே. காரவேலன் பதிப்பித்துப் பிரெஞ்சில் பெயர்த்த அந்நூலுக்கு அறிஞர் ழான் ஃபிலியோசா முன்னுரை வழங்கினார். 1973இல் வெளிவந்த காரைக்கால் அம்மையார் திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அம்மையாராகத் தோன்றிப் பாடினார். ஓங்கி ஒலிக்கும் குரலுக்குப் பெயர்பெற்ற ஒரு பாடகியை அவ்வேடத்துக்குத் தேர்ந்தது பொருத்தமே.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோவிலின் தென்புறச் சுவரில் ஆடவல்லான் சிற்பம் ஒன்று உண்டு. இராசேந்திர சோழன் காலத்தது. ஆடும் திருவடிக்குக் கீழே, இசைப்போர் வரிசையில், தாளத்தைக் கையில் ஏந்தி அம்மையார் அமர்ந்திருக்கிறார். வரமாகக் கேட்ட அந்த இடத்தில்தான் சிற்பி அவரை அமர்த்தியிருக்கிறான்.